பாஸ் போடாத துப்பாக்கி

காலை 6.40. வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே கோபத்தோடுதான் இறங்கினேன். மதுரையிலிருந்து இரவெல்லாம் முதுகை ஒடித்த இருக்கை ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் ஏழுமலை அனுப்பியிருந்த குரல் பதிவு. "சார், மூணு வாட்டி போய்ட்டேன். ஒவ்வொரு வாட்டியும் அய்யா இல்ல, சாவி இல்ல, நாளைக்கு வான்றாங்கோ. மல்லாட்டைல காய் புடிக்குது சார்." மல்லாட்டை என்றால் இந்தப் பக்கத்தில் நிலக்கடலை.

நான் வத்திராயிருப்பில் மாந்தோப்பு வைத்திருப்பவன். மலையடிவாரம். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி என்னிடம் ஒன்று உண்டு. என்னைப் போன்ற உரிமதாரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். ஏழுமலை அதில்தான் பழக்கம். நேரில் பார்த்ததில்லை.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேட்பது பெட்டிக்கடையில் துப்பாக்கி விற்க வேண்டும் என்பதல்ல. காட்டோரத்தில் உழுகிறவனுக்கு, குழலில் மருந்தை இடித்து ஒரு வெடிச்சத்தம் போட்டுப் பன்றியை விரட்டும் உரிமை. சட்டம் அதைக் கொடுக்கிறது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுப்பதில்லை. உரிமம் புதுப்பிக்கக் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியையே நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் வாங்குவது, யாரிடம் வேண்டாம் என்று ஆள் ஆளாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. எந்த நிலையத்திலும் அப்படிப் பரிசீலித்து நான் பார்த்ததில்லை. ரவுடியையும் கடலைக்காரனையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கிறார்கள். தேர்தல் முடிந்த பிறகும் ஏழுமலையின் துப்பாக்கி நிலையத்திலேயே கிடந்தது.

7.15. ஆம்பூர் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் இடப்புறமோ வலப்புறமோ பாலாறு எட்டிப் பார்க்கிறது. பாலும் இல்லை, நீரும் இல்லை, மணலும் பாதிதான். மாதனூர் வந்தபோது தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியே ஏறியது. பக்கத்து இருக்கைப் பெண்கள் நாலைந்து பேர், எல்லாரும் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டியவர்கள், அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நான் துண்டை மூக்கில் வைத்ததைத்தான் கவனித்தார்கள்.

"ஊருக்குப் புதுசா சார்?" என்றாள் ஒருத்தி.

"ஆமாம்மா."

"ரெண்டு நாள் இருங்க, பழகிடும். மூணாவது நாள் பிரியாணி வாசனைதான் வரும்."

8.40. ஆம்பூர். ஏழுமலையின் ஊர் இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர், ஆந்திர எல்லை மலையின் அடியில். ஊர் பெயரையும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள் அங்கேதான் வாழ வேண்டும். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது கேட்டார் பாய். முந்நூறுக்கு இறங்கினார். எந்த வேலையாகப் போகிறேன் என்று தெரிந்ததும் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"ஸ்டேஷன் வேலையா? பேஜாரு புடிச்ச வேலை சார் அது. என் ஆர்சி புக்கு அங்க ஒரு வருஷம் இருந்துச்சி. நானே புதுசா ஒன்னு எடுத்துக்கினேன்."

9.30. ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான ஆள், பேச்சு கம்மி. ஒன்றேமுக்கால் ஏக்கர் கடலையைச் சுற்றிக் காட்டினார். வரப்பு முழுக்கப் பழைய சேலைகள் கட்டியிருந்தன. காட்டுப் பக்கத்து மூலையில் இரண்டு பாத்தி ஏற்கெனவே உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. பன்றி மூக்கால் உழும். நம் டிராக்டர்காரன்கூட அத்தனை ஆழம் போகமாட்டான்.

அங்கே நின்றபடி அவர் ஒரு விஷயம் சொன்னார். துப்பாக்கியை ஒப்படைத்த மூன்றாவது வாரம் வனத்துறைக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தாராம். மலைப்பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது, ஓடையோரம் மானின் தோலும் குடலும் கிடந்தது, உன் துப்பாக்கி எங்கே என்று கேட்டாராம்.

"ஸ்டேஷன்ல கீது சார்னு சீட்ட காட்னேன். பார்த்துட்டுப் போய்ட்டாரு. அந்தச் சீட்டு இல்லன்னா என்ன தூக்கினு போயிருப்பாங்கோ."

நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

பிற்பகல் 2.15. காவல் நிலையம். துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அன்று காலைதான் தகவல் வந்திருந்தது. ஏழுமலையின் மனைவி அமுதாவும் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக அங்கே வந்துவிட்டார். ஆம்பூரில் ஏற்றுமதிக் காலணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செக்கர். பதினாறு வருட அனுபவம். தைத்து வரும் ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

தலைமைக் காவலர், அங்கே ரைட்டர் என்கிறார்கள், உள்ளிருந்து துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். ஆறு துப்பாக்கிகள் கரும்புக்கட்டு மாதிரி ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தன. எண் பார்த்து ஒன்றை உருவி மேசையில் போட்டார். ஆமாம், போட்டார். பதிவேட்டில் ஏழுமலையின் பெயருக்கு எதிரே 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று முன்கூட்டியே எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஏழுமலை பேனாவை எடுத்துவிட்டார்.

"இரு," என்றார் அமுதா.

துப்பாக்கியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கட்டையில் ஒரு விரிசல். ஓவர்கோட் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து விரிசலில் ஒரு அம்பு ஒட்டினார். குதிரையில் துரு. அங்கே ஒன்று. ரைட்டர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமுதா மருந்து இடிக்கும் கம்பியை உருவி, நுனியில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். துணி அடுப்புக்கரி போல வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு ஏழுமலையிடம் நீட்டினார்.

ஏழுமலையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நான் தொடச்சி எண்ணெ போட்டுத்தான் குடுத்தேன்," என்றார் மெதுவாக. "இது சுட்டது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடையோரம் கிடந்த மான். ஒப்படைத்த துப்பாக்கி. இந்த மனிதர் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, 'நல்ல நிலையில்' என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால், அந்தக் கரி அவருடையது. நாளைக்கு அந்த வழக்கு கிளம்பினால் குழலில் கரியோடு துப்பாக்கி அவர் வீட்டில் இருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே மேய்ந்ததோடு நிற்கவில்லை, பயிருக்குச் சொந்தக்காரன்தான் மேய்ந்தான் என்று கையெழுத்தும் கேட்கிறது. யார் சுட்டார் என்று எனக்குத் தெரியாது. யார் பூட்டில் அது இருந்தது என்பது தெரியும்.

அங்கேதான் நான் என் முட்டாள்தனத்தைக் காட்டினேன். குரலை உயர்த்தி விதிகளைச் சொன்னேன். போனை எடுத்துத் துணியைப் படம் பிடிக்கப் போனேன். சத்தம் கேட்டு உதவி ஆய்வாளர் உள்ளறையிலிருந்து வந்தார். முப்பது வயதுக்காரர்.

"நீங்க யாரு?"

"உரிமதாரர்கள் சார்பா வந்திருக்கேன்."

"போன உள்ள வைங்க. இல்லன்னா அதையும் இங்க ஒப்படைச்சிட்டுப் போவீங்க."

வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வைத்துவிட்டேன்.

அவர் மேசையைப் பார்த்தார். சிவப்பு அம்புகளைப் பார்த்தார். "இன்னாம்மா இது? செருப்புக் கம்பெனின்னு நெனச்சியா?"

அமுதா நகரவில்லை. "கம்பெனில ஒரு ஜோடிய நான் பாஸ் போட்டா, அப்புறம் இன்னா குறை வந்தாலும் அதுல இருக்குற என் செக்கர் நம்பருதான் சார் சொல்லும். எனக்கு முன்னால பத்து பேரு கை பட்டிருக்கும். ஆனா கேக்குறது என்னைத்தான். அதனால பாக்காம பாஸ் போட மாட்டேன். இதுக்கும் போட மாட்டேன்."

"யோவ், உன் பொண்டாட்டிக்குச் சொல்லு. லைசென்ஸ் புதுப்பிக்க என்கிட்டதான் வரணும் நீ."

ஏழுமலை பேனாவை மேசையில் வைத்தார். அதுதான் அவர் பதில்.

உதவி ஆய்வாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "எழுதுயா," என்றார் ரைட்டரிடம். "வாங்க மறுத்துட்டான்னு எழுது. கையெழுத்து வாங்கு. லைசென்ஸே வேணாம்னு அர்த்தம் அது. நான் பாத்துக்கறேன்." உள்ளே போய்விட்டார்.

ரைட்டர் பழைய வரியை அடித்துவிட்டு, 'பெற மறுத்தார்' என்று எழுதினார். பேனாவை நீட்டினார்.

"ஏன் மறுத்தாருன்னு எழுதுங்க சார்," என்றார் அமுதா. "ரிஜெக்ட் பண்ணா காரணம் போடணும். காரணம் இல்லாத ரிஜெக்ஷன் எங்க லைன்லயே செல்லாது."

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும் அந்த ரைட்டருக்கு. உள்ளறைக் கதவைப் பார்த்தார். கறுத்த துணியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. 'குழலில் மருந்துக்கரி இருப்பதாகவும், கட்டையில் விரிசல் இருப்பதாகவும் கூறி' என்று வரிக்கு மேலே பொடி எழுத்தில் சேர்த்தார். நகல் கேட்டேன். "தகவல் உரிமைல போடுங்க சார்," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். ஏழுமலை கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி மீண்டும் கட்டுக்குள் போனது, அம்புகளோடு.

நான் இத்தனை வருடமாக மனு எழுதுகிறேன், கூட்டங்களில் பேசுகிறேன். எந்த நிலையத்திலும் ஓர் உண்மையான வரியைப் பதிவேட்டில் ஏற்ற என்னால் முடிந்ததில்லை. என் சத்தத்தால் அன்று ஆனது கெடுதல் மட்டுமே என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் காலை 5.50. இரவு ஏழுமலை தகரம் தட்டிக்கொண்டு கடலைக் கொல்லையில் இருந்தார். நான் அவர் வீட்டில் தூங்கிவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் காட்டுப் பக்கம் கால் ஏக்கருக்கு மேல் புரண்டு கிடந்தது. முற்றாத காய்கள் வெள்ளை வெள்ளையாகச் சேற்றில். தகரத்துக்குப் பன்றி பழகிவிட்டது என்றார். நேற்றே வாங்கி வந்திருக்கலாமோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஏழுமலை ஒரு செடியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"பரவால்ல சார். இது பன்னி பண்ணது. இத எம்மேல எழுத முடியாது."

10.10. ஆம்பூர் தலைமை அஞ்சலகம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று என்று மூன்று பதிவுத் தபால்கள். நான் எழுதிய நாலு பக்க மனுவை அமுதா ஒரு பக்கமாகக் குறைத்துவிட்டார். கோபம் எல்லாம் போய், எண்ணும் தேதியும் கரியும் மட்டும் மிஞ்சின. கம்பெனி வேன் வர இன்னும் நேரம் இருந்ததால் எதிர்க்கடையில் டீ குடித்தோம். பதினைந்து ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது.

"அண்ணா, உங்க ஊருலயும் எலெக்ஷனுக்குத் துப்பாக்கியக் குடுக்கணும்ல?" என்றார் அமுதா.

"கட்டாயம் குடுக்கணும்மா."

"நீங்க கொழாய்க்குள்ள பாத்துத்தான வாங்குவீங்க?"

"ஆமாம்மா," என்றேன். "பாத்துத்தான் வாங்குவேன்."

அவர் தலையாட்டிவிட்டு வேன் ஏறினார்.

பகல் 12.25. ஜோலார்பேட்டையில் ரயிலுக்காக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் காவல் நிலையம் இதைவிட எவ்வளவோ மேல். துப்பாக்கியைக் கோணியில் சுற்றிப் பெயர்ச்சீட்டு கட்டித்தான் வைப்பார்கள். திரும்ப வாங்கப் போனால் நாற்காலி போடுவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். இதுவரை ஐந்து தேர்தல். ஐந்து முறையும் டீயைக் குடித்துவிட்டு, கோணியைப் பிரிக்காமலே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் என் துப்பாக்கி எங்கே போனது, எதைச் சுட்டது என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடமாகப் பார்க்காமல் எதையும் பாஸ் போடாத ஒருத்தியிடம், இன்று காலை நான் பொய் சொன்னேன்.