முதலாளியம்மாவின் நகரும் தட்டு

பவர் பிரஸ்ஸில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்த அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைத்துத் தரும் இயந்திரம் அது. ஆயுத பூஜையன்று ஊரெல்லாம் வண்டிச் சக்கரத்தடியில் பழம் வைப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் பிரஸ்ஸுக்குள் வைத்து ஓர் அடி அடிப்பார்கள். சாறு பீய்ச்சிக்கொண்டு வந்து என் மார்பில் விழுந்தது. "கற போவாது தம்பி, எண்ணெயும் சேந்துக்கிச்சு" என்று சிரித்தபடி என் கையில் பொரிப் பொட்டலத்தைத் திணித்தார் முதலாளியம்மா.

எஸ்டேட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது, அவரேதான். இளம் வயதில் வேறொரு பட்டறையில் பிரஸ் ஓட்டியவர். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அதைப் பற்றி யாராவது கேட்டால், "மிஷினு துன்னுடுச்சு" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். பெரிய கம்பெனிகள் அனுப்பும் தகட்டை அவர்கள் சொல்லும் விலைக்கு அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. நமக்கென்று ஒரு பொருள் வேண்டும், அதற்கு நாம் விலை சொல்ல வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

அந்தப் பொருளைத்தான் அவர் கண்டுபிடித்தார். நகரும் தட்டு. பிரஸ்ஸின் வாய்க்குள் கையை விட்டுத் தகட்டை வைக்க வேண்டியதில்லை. வெளியே நிற்கும் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் போதும். தட்டு முழுதாக உள்ளே போய், அடியில் இருக்கும் ஒரு கொக்கி மாட்டினால்தான் பிரஸ் இறங்கும். அதுவரை பெடலை எவ்வளவு மிதித்தாலும் அசையாது. கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம். நான் கம்ப்யூட்டரில் வரைந்து தருவேன், அவர் வெட்டி, அரத்தால் ராவி, மாட்டிப் பார்ப்பார். கொக்கி நழுவும். எனக்கு வீட்டுக்குப் போக நெமிலிச்சேரி ரயிலைப் பிடிக்கும் அவசரம். அவரோ "இன்னொரு தபா பாத்துடலாம்" என்பார். அந்த 'இன்னொரு தபா'வால் நான் விட்ட ரயில்களுக்குக் கணக்கில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி வரைவேன்.

கொக்கி நழுவாமல் நிற்கத் தொடங்கிய வருஷத்துப் பூஜைதான் நான் சொன்ன பூஜை. எங்கள் எஸ்டேட்டில் அன்று எந்தப் பட்டறைக்கும் கதவு கிடையாது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்து, இயந்திரங்களைப் பார்த்து, பொரியும் சுண்டலும் வாங்கிப் போவார்கள். முதலாளியம்மா பழத்தைத் தட்டில் வைத்துத் தள்ளினார். பிரஸ் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. எப்படி, எப்படி என்று கேட்டவர்களுக்கு தட்டின் அடி மூடியைக் கழற்றிக் கொக்கியையும் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பூஜை முடிந்த கையோடு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கிளம்பினோம். கிண்டியில் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட். நல்ல மனிதர். வரைபடங்களைப் புரட்டிவிட்டு, நிச்சயம் கிடைக்கும் என்று உற்சாகமாகப் பேசினார். பிறகு, இதற்கு முன் வெளியாள் யாருக்காவது காட்டியதுண்டா என்று கேட்டார். முதலாளியம்மா பெருமையாகப் பூஜைக் கதையைச் சொன்னார். ஏஜென்ட் பேனாவை மூடி வைத்தார். விண்ணப்பம் போடும் முன்பே ஊரறியக் காட்டிய பொருள், சட்டத்தின் கண்ணில் புதிய பொருள் இல்லையாம். சற்று யோசித்துவிட்டு, "வந்தவங்க எல்லாம் உங்க ஆளுங்கதானே? அப்படின்னா வேற மாதிரி பாக்கலாம்" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் மேஜைக்கு அடியில் முதலாளியம்மாவின் காலை மிதிக்காத குறை. முதலாளியம்மா தண்ணீர் குடித்தார்.

"இல்ல சார். பக்கத்துப் பட்டறக்காரங்க அல்லாரும் வந்துகினாங்க. நாந்தான் மூடியத் தொறந்து காட்னேன். இல்லன்னு எய்திட்டு, நாளைக்கு அவுங்க மூஞ்சில எப்டி முயிக்கிறது?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேலும் கோபம், சட்டத்தின் மேலும் கோபம். பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் கிண்டிக்குப் போயிருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூஜைக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தியா பொரி கொடுக்க முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பொங்கலுக்குள் பக்கத்துப் பட்டறைகளில் தட்டு முளைத்துவிட்டது. வெறுமனே கண்ணால் பார்த்ததை வைத்துச் செய்ததால் கொக்கி சரியில்லை. சில சமயம் மாட்டாமலேயே பிரஸ் இறங்கியது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. முதலாளியம்மாவோ வரைபடத்தைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் பிழைப்பு என்னாவது என்று கத்தினேன். அவர் அந்தப் பாதி விரலை என் முன்னால் நீட்டினார். "பொருள் அவுங்களுது ஆயிடுச்சு, சரி. வெரல் போனா எவன் குடுப்பான்?" என்றார். பிரதி எடுத்தேன். அவரைப் போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்போது நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எங்களுக்கு உதிரிபாகம் அடித்துத் தரும் பட்டறைகளுக்குப் போய்த் தரம் பார்ப்பது வேலை. இந்த ஆண்டு பூஜை முடிந்த மறுநாள், ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பட்டறை. எண்ணெயோடு எலுமிச்சை வாசனை. ஓர் இளம்பெண் தகட்டைத் தட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். இதை யார் செய்தது என்று கேட்டேன்.

"யாருக்கு சார் தெரியும்? அல்லா பட்டறையிலயும் கீது. இது இல்லாத மிஷின்ல நா ஒக்காரவே மாட்டேன்."

வெளியே வந்து முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மகிழ்ந்து போவார் என்று காத்திருந்தால், "அத்த வுடு. கொக்கிக்கு எண்ண வுட்டுக்கிறாங்களா, பாத்தியா?" என்கிறார். நான் பார்க்கவில்லை. போனோடு மறுபடி உள்ளே போய் மூடியைத் திறக்கச் சொன்னேன். கொக்கி எண்ணெயில் மின்னியது. அதன் முனையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். சொன்னேன். உடனே அந்தப் பக்கமிருந்து அதட்டினார்:

"தள்ளி நில்லு தம்பி. வெள்ள சட்ட போட்டுகினு போயிருப்ப."