ஒரு பெரிய பூட்டும் ஒன்பது சின்னப் பூட்டும்

என் அத்தானுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வராது. காய் நறுக்கும்போது அக்கா ஏதாவது கேட்டால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு அலுவலகத்தில் கொடுத்திருந்த பொறுப்பு, ஒரு கணினி மொழியை ஒரே நேரத்தில் பல வேலை செய்ய வைப்பது. கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நானும் அதே அலுவலகம்தான். சோதனைப் பிரிவு. அத்தான் எழுதியதை எப்படியாவது உடைத்துக் காட்டுவதற்கு எனக்குச் சம்பளம். ஒரு மச்சினிக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

எங்கள் கணினி மொழியில் யாராவது ஒரு நிரல் எழுதினால், அதை வரி வரியாகப் படித்து ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. இன்டர்ப்ரெட்டர் என்போம். ஒரு நிரலுக்குள் பல வேலைகள் அக்கம்பக்கமாக ஓடலாம். ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஆனால் இரண்டு த்ரெட்டுகள் ஒரே பொருளில் ஒரே சமயத்தில் கை வைத்தால் எல்லாம் குட்டிச்சுவர். அதற்குப் பயந்து, ஆரம்பத்தில் எழுதியவர்கள் மொத்த இன்டர்ப்ரெட்டருக்கும் ஒரே ஒரு பெரிய பூட்டைப் போட்டுவைத்தார்கள். பூட்டு யார் கையில் இருக்கிறதோ அந்த த்ரெட் மட்டும் ஓடும். மற்றதெல்லாம், ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலை எட்டு மணிக்கு நிற்பதுபோல, தோளில் துண்டோடு வரிசையில் நிற்கும்.

அத்தான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த த்ரெட்டுகளும் போலி. இன்டர்ப்ரெட்டரே வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டி, எல்லாம் சேர்ந்து ஓடுவதாகப் பாசாங்கு செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, கணினியின் இயங்குதளம் தருகிற நிஜ த்ரெட்டுகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். மூன்று இயங்குதளம், மூன்று விதப் பூட்டு, மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. மூன்றையும் ஒன்றாக்கினார். பதினோரு வருடம் ஓடிவிட்டது. அதில் கடைசி நான்கு வருடம் ஒரே காரியம்: அந்தப் பெரிய பூட்டைப் பிரித்து ஒன்பது சின்னப் பூட்டாக்குவது. பெயர்ப் பட்டியலுக்கு ஒன்று, திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று என்று. அப்போது வேறு வேறு பூட்டு கேட்கும் த்ரெட்டுகள் நிஜமாகவே சேர்ந்து ஓடலாம். அலுவலகத்தில் அவர் பெயரே பூட்டு என்றாகிவிட்டது. "பூட்டு சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் முகம் கோணாமல் பதில் சொல்வார்.

ஒன்பது பூட்டுக்கும் எண் கொடுத்திருந்தார். ஒரு த்ரெட்டுக்கு இரண்டு பூட்டு வேண்டுமென்றால் சின்ன எண்ணைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதுதான் சட்டம். சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை நடக்கும். ஒன்பது பாத்திரங்களில் எண் ஒட்டி, சாப்பாட்டு மேசையில் அடுக்குவார். அக்கா ஒரு த்ரெட், நான் ஒரு த்ரெட். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பாத்திரத்தை எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நிரல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். "கல்யாணத்துக்கு முன்னாடி இதச் சொல்லவே இல்லையே" என்பாள். ஆனால் ஒரு ஞாயிறும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

அந்த நான்காம் வருடம் எங்கள் அலுவலகத் தலைவி ஒரு கெடு வைத்தார்.

"நாலு வருஷம் பொறுத்தாச்சு. இந்த வெளியீட்டுல உள்ள போகலைன்னா இத மூடிடலாம். உங்கள வேற வேலைக்கு மாத்திடறேன்."

"சரிங்க மேடம்" என்றார் அத்தான். கெடு, புதுப் பதிப்பு வெளியாகவிருந்த வெள்ளிக்கிழமை.

கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருந்தோம். சின்னப் பூட்டுகள் உள்ள சோதனைப் பதிப்பை வெளியாட்களுக்கும் கொடுத்து ஒரு வருடமாகியிருந்தது. ஒரு புகார்கூட வரவில்லை. அலுவலகத்தில் என் சோதனைகள் அத்தனையும் தேறின. எந்தப் பூட்டை யார் எப்போது எடுத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைக்கிற வசதியை அத்தான் செய்திருந்தார். ட்ரேஸ் என்போம். நான்கு வருடமாக அதைப் போட்டுவைத்தே சோதித்துப் பழகிவிட்டோம். கடைசி வாரத்துத் திங்கட்கிழமை எனக்கு என்ன தோன்றியதோ, வெளியாட்கள் ஓட்டுவதுபோல ட்ரேஸை அணைத்துவிட்டு ஓட்டினேன்.

அறுநூறு ஓட்டத்தில் இரண்டு நின்றுபோயின. பிழைச்செய்தி இல்லை, ஒன்றுமில்லை. அப்படியே நின்றன. ட்ரேஸைப் போட்டால் ஒன்றுகூட நிற்கவில்லை.

அத்தானிடம் காட்டினேன்.

"அந்த வரிய எழுத ஒரு துளி நேரம் ஆகுதுல்ல" என்றார் மெதுவாக. "அந்த நேரத்துல ஒரு த்ரெட் தப்பிச்சுப் போயிடுது. பாக்கறதுக்கு வெச்ச விளக்கே மறைச்சிடுச்சும்மா."

செவ்வாய்க்கிழமை மாலை, ஞாயிறு வரை பொறுக்காமல், பாத்திரங்களை அடுக்கினார். நிரலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சொன்னார். என் கையில் இரண்டாம் எண் சட்டி. அக்கா கையில் ஐந்தாம் எண் மூடி. அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். அக்காவே சொன்னாள்.

"ஏங்க, இவளுக்கு என் மூடி வேணும். எனக்கு இவ சட்டி வேணும். கையில இருக்கறத ரெண்டு பேரும் விடக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்கீங்க. அப்ப விடிய விடிய இப்படியே நிக்க வேண்டியதுதானா?"

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நினைவகத்தைச் சுத்தம் செய்கிற இடத்தில், ஐந்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டைக் கேட்டிருந்தார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறியிருந்தார்.

அதைத் தொடும் இடங்களையெல்லாம் திருத்திச் சோதிக்க இரண்டு மாதமாவது வேண்டும். இருந்தது மூன்று நாள். மறுநாள் தலைவி நொடியில் வழி சொன்னார்: "ட்ரேஸ எல்லாருக்கும் ஆன் பண்ணியே குடுத்துடலாம். ஓடுதுல்ல?"

"ஓடும் மேடம். என்னிக்காவது நிக்கும். அன்னிக்கு அது எங்கேயோ யாரோ ஒருத்தர் தலையில விடியும்."

நான் தலைவி பக்கம்தான் பேசினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. "அத்தான், இப்பப் போகட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம். நாலு வருஷம் அத்தான்!" என்றேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை தன் கையாலேயே நான்கு வருட வேலையை வெளியீட்டிலிருந்து எடுத்தார். சோதனைப் பதிப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினார்: "இது எப்போதாவது காரணமில்லாமல் நின்றுவிடும். தவறு என்னுடையது. உங்கள் நிரலில் தேட வேண்டாம்." தலைவி சொன்ன சொல் தவறாதவர். அடுத்த திங்களே அத்தானை நாள்காட்டிக் கணக்குப் போடும் பகுதிக்கு மாற்றிவிட்டார். பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாள் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் பெண். மாதிரிக் குழாய்களை வகைபிரிக்கும் இயந்திரத்துக்கு எங்கள் சோதனைப் பதிப்பில் நிரல் எழுதியிருந்தாள். மாதத்துக்கு இரண்டு முறை இயந்திரம் நின்றுபோகும். தன் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, எங்களுக்குப் புகார்கூட எழுதவில்லை. அவளுக்கு நிரல் எழுதத் தெரியவில்லை என்று மேலாளர் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு, குழாய்களில் சீட்டு ஒட்டும் மேசையில் உட்கார வைத்துவிட்டார். "எட்டு மாதமாக வீட்டுக்குப் போயும் என் நிரலிலேயே தேடினேன். உங்கள் அறிவிப்பைப் பார்த்தபிறகுதான் தூங்கினேன்" என்று முடித்திருந்தாள்.

அத்தான் அதை மூன்று முறை படித்தார். பிறகு பரிசோதனைக்கூடத்தின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து, மேலாளரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அந்த நிரல் நின்னதுக்கு அவங்க காரணம் இல்லைங்க. பூட்ட எழுதினவன் நான். தப்பு என்னோடது. எழுத்துல வேணும்னாலும் தரேன்."

"எழுத்துல எல்லாம் வேண்டாங்க" என்றார் மேலாளர். "அந்தப் பொண்ணு இங்கதான், எனக்கு எதிர்லதான் சீட்டு ஒட்டிட்டு இருக்கு. நான் எப்படிப் போய்ச் சொல்றதுன்னு தெரியல. நீங்களே அத என்கிட்ட சொன்ன மாதிரி இன்னொரு தரம் சொல்றீங்களா? ஃபோன அதுகிட்டக் குடுக்கறேன்."

"குடுங்க" என்றார் அத்தான்.