பெயர் எழுதிய நீலக் கோப்பை

வட்டுக்கோட்டை அருளம்பலத்தாரிடம் யாராவது "மழை வருமோ?" என்று கேட்டால், டென்மார்க்கில் மழை எப்படிப் பெய்யும் என்று பதில் வரும். கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் கஜந்தினி கூப்பிட்டுப் போய் மூன்று மாதம் அங்கே நின்றுவிட்டு வந்தார். ஆள் வந்து சேர்ந்துவிட்டார், வாய் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இதை இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அப்போது சிரித்தவர்கள் மற்றவர்கள்.

அவர் கண்டது என்னவோ நல்ல காட்சிதான். மகள் இருந்த சின்ன ஊரில் புதன்கிழமை தோறும் பொதுமண்டபத்தில் சனம் கூடிச் சாப்பிடும். நீளமான ஒரே மேசை. அங்கே போய் இருந்தவரிடம் ஒருவரும் "ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை. இங்கே புது ஆளைக் கண்டால், சாதியை அறிய முதலில் அதைத்தானே கேட்போம். பதிலை வைத்துத்தானே அவரை எங்கே இருத்துவது, எதில் தேத்தண்ணி கொடுப்பது என்று தீர்மானிப்போம். அங்கே குப்பை லொறி ஓட்டுகிறவர் அவருக்குக் கோப்பி ஊற்றினார். ஊர்த் தலைவி சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு எல்லாருடைய கோப்பைகளையும் கழுவினார். பாஷை தெரியாத, வயதுபோன ஒரு மனிதரைத் தங்களில் ஒருவராக நடுவில் இருத்திவைத்தார்கள்.  வெளிக்கிடும்போது அவருடைய பெயரை எழுதிய நீலக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அருளம்பலத்தார் அழுதே விட்டார்.

ஊருக்கு வந்ததும் சனசமூக நிலையத்தில் பேசினார். 'ஒருவரையும் ஒதுக்காத நாடு' என்பது தலைப்பு. நல்ல கைதட்டல். அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தவரின் கண்ணில், வீட்டின் பின்பக்கம், கோடிப்புறச் சுவர் ஆணியில் தொங்கிய எவர்சில்வர் பேணி பட்டது.

அது இளையதம்பியின் பேணி. இளையதம்பி தேங்காய் பறிக்கிறவர், வேலி அடைக்கிறவர், அருளம்பலத்தாரின் வயதுக்காரர். சாதி பார்க்கிற வீடு என்றபடியால் அவருக்குத் தேத்தண்ணி பின்வாசலில், அந்தப் பேணியில் மட்டும். குடித்ததும் அவரே கழுவித் திரும்ப ஆணியில் கொழுவிவிடுவார். தினமும் பார்த்த பேணிதான். அருளம்பலத்தார் அன்றைக்குத்தான் கண்டார்.

உடனே கழற்றி எறிந்தார். எறிந்த பிறகு சிக்கல். இனி எதில் கொடுப்பது? அலுமாரிக்குள் மனைவி செல்வநாயகியின் பூப்போட்ட கோப்பைகள் இருந்தன. மனைவி விடமாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மனைவியிடம் அவர் கேட்கவே இல்லை. அவருடைய சொந்தக் கைதான் அலுமாரிப் பக்கம் நீளவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் சந்திக் கடையில் பேப்பர் கப் பக்கற்றுகள் வாங்கி வந்தார். இனி இந்த வீட்டில் எல்லாருக்கும் பேப்பர் கப். சமத்துவம்!

"என்ரை வீட்டிலை நான் ஏன் கடதாசியிலை குடிக்கோணும்?" என்றார் செல்வநாயகி.

கஜந்தினி தொலைபேசியில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அங்கை அவை கோப்பையை எறியேல்லை. கழுவினவை." சிக்னல் சரியில்லை என்று சொல்லி அருளம்பலத்தார் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் செல்வநாயகி தன் கோப்பைக்குத் திரும்பினார். அருளம்பலத்தாரும் நைசாக நீலக் கோப்பைக்குத் திரும்பினார். பேப்பர் கப் இளையதம்பிக்கு மட்டும் என்றாகியது. 'நீ' என்று கூப்பிட்டவரை ஒரு படி கூட்டி 'நீர்' என்று கூப்பிட்டதுதான் மிச்சம். "நான் வளவுக்குள்ளை ஒரு டென்மார்க் கட்டினன், கடதாசியாலை" என்று அவர் இப்போது சொல்வது இதைத்தான்.

அப்படியிருக்க, இளையதம்பி புது வீடு கட்டி முடித்துக் குடிபூரலுக்குச் சொல்ல வந்தார். "ஐயா கட்டாயம் வரோணும்."

இளையதம்பியின் ஆட்கள் வீட்டுக்கு அருளம்பலத்தாரின் பரம்பரையில் ஒருவரும் போய்ச் சாப்பிட்டதில்லை. போகாவிட்டால் மேடையில் பேசியதெல்லாம் வெறும் வாய் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், தனக்கே அது தெரிந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். செல்வநாயகிக்கு அன்று பார்த்து முழங்கால் நோ வந்துவிட்டது. தனியே வெளிக்கிட்டார்.

முற்றத்துப் பந்தலில் நீள மேசை போட்டு, சனம் சிரித்துக் கதைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதே புதன்கிழமை மேசை! அருளம்பலத்தாரின் கால் ஆசையோடு அந்தப் பக்கம் திரும்பியது. "ஐயா, உள்ளுக்கு வாங்கோ" என்று இளையதம்பி அவரைக் கூட்டிப்போய், விறாந்தையில் தனிக் கதிரையில் இருத்தினார். இளையதம்பியின் மனைவி இராசாத்தி மூடி திறக்காத சோடாப் போத்தலைத் தட்டில் கொண்டுவந்து, அவர் கண்முன்னாலேயே திறந்தார். உள்ளே இருப்பதில் எங்கள் கை படவில்லை, பயப்படாமல் குடியுங்கள் என்று காட்டுகிற மரியாதை அது. அருளம்பலத்தாருடைய ஆட்கள்தான் அந்த மரியாதையை இவர்களுக்குப் பழக்கிவைத்தவர்கள்.

சோடா நல்ல குளிர். ஒரு மிடறோடு போத்தலைக் கீழே வைத்தார். பந்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எனக்கும் தேத்தண்ணி தாங்கோ" என்றார்.

இராசாத்தி கணவரைப் பார்த்தார். உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தார். பேப்பர் கப்பில். "ஐயாக்கு உதுதான் பிடிக்கும் எண்டு இவர் சொன்னவர். உங்களுக்கெண்டு வாங்கி வச்சனாங்கள்." நக்கல் இல்லை, உண்மையான உபசாரம். பந்தலில் எல்லார் கையிலும் கண்ணாடிக் கிளாஸ்.

"எனக்கும் அந்தக் கிளாஸிலை தந்தால் என்ன, இளையதம்பி?"

இளையதம்பி பந்தல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தரலாம் ஐயா. நாளைக்குத் தேங்காய் பறிக்க வாறன். உங்கடை வீட்டுக்குள்ளை இருந்து உங்கடை கோப்பையிலை நான் குடிச்சாப் பிறகு, இஞ்சை வந்து கேளுங்கோ."

டென்மார்க்கில் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று அருளம்பலத்தாருக்குத் தெரியவில்லை. கப்பில் இருந்ததை வாய் வேக வேகக் குடித்தார். போட்ட சாப்பாட்டை அந்தத் தனிக் கதிரையிலேயே இருந்து சாப்பிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் இளையதம்பி வழக்கம்போலக் கோடிப்பக்கமாக வந்தார். "அங்காலை போகாதேங்கோ, முன்னுக்கு வாங்கோ" என்று அருளம்பலத்தார் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் இருத்தினார். தேத்தண்ணியை நீலக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். செல்வநாயகி கழுவினால் உடைந்துவிடும் என்று தானே கழுவித் துடைத்து வைக்கிற கோப்பை அது.

இளையதம்பி கதிரை நுனியில் இருந்து இரண்டு மிடறு குடித்தார். "சீனி காணாது" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த வீட்டுத் தேத்தண்ணியைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை. அருளம்பலத்தாருக்குப் பிடிபடாத சந்தோஷம். சீனிப் போத்தலை எடுக்கக் குசினிக்குள் ஓடினார்.

செல்வநாயகி அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நின்றார். அருளம்பலத்தாரின் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தது. பேப்பர் கப்பில்.

"உங்கடை கோப்பை இனி என்ரை அலுமாரிக்குள்ளை வராது" என்றார். "உங்களுக்கு இனி இதுதான். பக்கற்றிலை கனக்கக் கிடக்கு."

அருளம்பலத்தார் ஒரு கையில் சீனியும் மறு கையில் பேப்பர் கப்புமாக வந்து, இளையதம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.