மேல்மண்

டவுன்ஷிப் கடைவீதியில், டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் விற்கும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பூட்ஸில் ஒட்டிய மண் இன்னும் காயவில்லை. எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார்.

நான் கடைக்காரரிடம் சலித்துக்கொண்டிருந்தேன். “கம்பெனிக்காரங்க செய்யற செலவவிடக் கம்மியா இத விக்கிறாங்களாம். அப்புறம் கேம் வித்து லாபம் பாத்துக்குவாங்களாம். இதெல்லாம் ஒரு வியாபாரமா?”

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். “எங்க மைன்ஸும் அப்டித்தாங்க. மேல்மண்ண வெட்டிக் கொட்ற வரைக்கும் வெறும் செலவுதான். அடியில கரி இருக்குதுன்னு வெட்டிக்கினே இருக்கோம்.”

“அப்ப இவங்க செய்யறது சரிங்கறீங்களா?”

“நஷ்டம் அவங்களோடதா இருந்தா சரிதாங்க.” பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “எங்க ஊர்ல மேல்மண்ணுன்னு வெட்டிக் கொட்னது எங்க வயலுங்க.”

குரலில் கோபமே இல்லை. உடனே கடைக்காரரிடம் திரும்பி, கன்சோல் விலையை விட்டுவிட்டு, கேம் ஒன்று என்ன விலை என்று விசாரித்தார்.

வாங்கினாரா என்று தெரியாது. என் பஸ் வந்துவிட்டது.

சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேட்டை அளப்பது என் உத்தியோகம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. மறுநாளும் போய் அளந்தேன். எது அவர் வயல் என்று அன்றுதான் முதன்முதலாகத் தேடினேன்.