இன்ஸ்பெக்டர் படத்தின் முதுகுப்பக்கம்

யுத்த காலம், ஆகஸ்ட் கிளர்ச்சி சமயம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் முகத்தைக் கேலியாக வரைந்து கொடுத்துப் பிழைத்தேன். ஆசையெல்லாம் படக்கதையில். ஒரு தறிக்காரரைக் கதாநாயகனாக்கி, அட்டையில் கட்டம் கட்டமாக வரைந்து, பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப வைத்திருந்தேன். கதாநாயகனின் முகம் என் சிநேகிதருடையது. அவரும் தறிக்காரர்தான். விறைத்த காது, நீண்ட மோவாய். வரைவதற்கென்றே பிறந்த முகம் ஐயா அது!

ஒரு நாள் ஊருக்கு வெளியே தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். மறுநாள் போலீஸ்காரர் வந்து என்னைப் பையோடு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அந்தப் பையில்தான் படக்கதை இருந்தது.

"மூஞ்சி வரையறவன் நீதானா?" என்றார் இன்ஸ்பெக்டர். "முந்தாநாள் உன் பக்கத்துல ஒருத்தன் கொறடோட உக்காந்திருந்தானாமே. யாரு அவன்?"

"தெரியலைங்க சாமி. படம் போட்டுக்க வந்தவருங்க."

சிநேகிதர் மடியில் குறடு இருந்தது உண்மை. எதற்கென்று நான் கேட்கவில்லை.

"பேரு தெரியாட்டிப் போகுது. மூஞ்சி ஞாபகம் இருக்குமில்ல? போடு."

பென்சிலை எடுத்தேன். ஒரு முகத்தில் எது கூடுதலோ அதை இன்னும் கொஞ்சம் கூட்டினால் ஆள் வந்துவிடுவார். குறைத்தால் ஆள் காணாமல் போய்விடுவார். என் தொழில் அவ்வளவுதான். காதை அடக்கினேன், மோவாயைச் சுருக்கினேன். காகிதத்தில் ஒரு ராஜகுமாரன் வந்து நின்றான்.

"இப்படி ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கானா? யாரை ஏமாத்தப் பாக்கறே?" என்று மேஜையைத் தட்டினார். "இப்ப என்னைப் போடு. ஜாடை வருதா பாக்கறேன்."

செத்தேன் என்று நினைத்தேன். அவர் ஜாடை அச்சாக வந்தால் முதல் படம் பொய் என்று ஆகிவிடும். வராவிட்டால் அடி விழும். கத்தரிக்காய் மூக்கு அவருக்கு. தெய்வமே என்று அந்த மூக்கைச் சீவிவிட்டேன். தொங்கும் கன்னத்தை இழுத்துக் கட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "தத்ரூபம்யா! அப்ப அந்தப் படமும் சரியாத்தான் இருக்கும்." என்றார். அட பாவி மனுஷா, கண்ணாடியே பார்த்ததில்லையா?

அத்தோடு விட்டாரா? படத்துக்கு உடனே சட்டம் போட வேண்டுமாம். மடங்காமல் இருக்க, போலீஸ்காரர் என் பையில் கைவிட்டு ஓர் அட்டையை உருவினார். படக்கதை அட்டை! அழுக்குப் படாதிருக்க, படத்தைக் கீழ்ப்பக்கமாக வைப்பது என் வழக்கம். வெற்றுப் பக்கத்தின் மேல் இன்ஸ்பெக்டரை வைத்துக் கட்டிக்கொண்டு சட்டக் கடைக்குப் போய்விட்டார். அட்டையைத் திருப்பினால் கட்டத்துக்குக் கட்டம் என் சிநேகிதர் சிரித்துக்கொண்டிருப்பார்.

என்னை விட்டதும் கடைக்கு ஓடினேன். படம் அதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தது. சட்டம் போடுகிறவர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பின்னாடி இருக்கறது நம்ம தறிக்காரருங்களே! உள்ளயே வெச்சு மேல பலகை போட்டு ஆணி அடிச்சுட்டனுங்க. பேசாம ஊட்டுக்குப் போங்க."

ஆணி ஒன்று கழன்றால் இரண்டு குடும்பம் தெருவில் நிற்கும். அடுத்த வாரம் சந்தேகத்தின் பேரில் சிநேகிதரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ராஜகுமாரன் படத்தை அவர் முகத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு, இவன் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அங்க ஒரு மாப்பிள்ளை படம் மாட்டியிருக்குதே, யாருங்க அது? அதுக்குக் கீழதான் என்னை நிக்க வெச்சாங்க. அதையே பாத்துட்டு நின்னனுங்க, பயம் தெரியலைங்க."

"அது இன்ஸ்பெக்டருங்க," என்றேன். "அவருக்குப் பின்னாடி இருக்கறது நீங்க."

விவரம் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு அடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.