முட்டிக் கறை

சலவைக்கடைக்காரியின் கணவர் பழைய படகு ஒன்றை விலை பேசியிருந்தார்; அதைச் சோதிக்க இரண்டு படகு ஆய்வாளர்களைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். இருவரிடமும் முறையான சான்றிதழ் இருந்தது. யாரைக் கூப்பிடுவது என்றுதான் குழப்பம்.

சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேர் துணியும் நம்மகிட்டதான் வருது. முதல் ஆள் பேன்ட்டு முட்டியில நாலு வருஷமா ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. தவழாம படகோட அடியை எப்படிங்க பார்ப்பாரு? இன்னொருத்தர் முட்டிக் கறையைத் தேய்ச்சே என் கை தேஞ்சு போச்சு. அவரையே கூப்பிடுங்க."

"ஒரு ஓட்டைப் படகு மேல இவ்வளவு அக்கறையா?" என்று சிரித்தார் கணவர்.

அவள் வள்ளென்று விழுந்தாள். "படகு எக்கேடு கெட்டா எனக்கென்ன? அதுல ஏறப் போறது நீங்கதானே!"