கிணற்றுக்காகப் பேச எழுந்தவள்

போன கோடையில் நடந்தது இது. கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், பஸ் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பெரிய ரப்பர் தோட்டம். அதை யாரோ வாங்கி மரங்களை வெட்டினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றார்கள்.

எங்களுக்குப் பயமெல்லாம் கிணற்றைப் பற்றித்தான். மாசி பிறந்தாலே இங்கே வாளி தரை தட்டும். மேட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி அத்தனை வீட்டுக்கும் உறிஞ்சினால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? கூட்டம் போட்டோம். பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தோம், தாலுகா ஆபீசுக்கு நடந்தோம். சார் லீவு, அடுத்த வாரம் வாருங்கள், இது இந்த செக்‌ஷன் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. கூட வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கழலாமல் வந்தவர்களில் ஒருத்தி, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த நர்ஸ். காட்டாக்கடைக்காரி, காரக்கோணத்தில் வேலை. அவள் இருந்த வீட்டில் கிணறு கிடையாது, எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பாள். கூட்டத்தில் வாய் திறக்கமாட்டாள். நாங்களோ ஓயமாட்டோம். "வரத்தனுவ வந்தா நம்ம கெணத்தில வெள்ளம் காணாது" என்பதுதான் எங்கள் பாட்டு. வெளியூரிலிருந்து வந்து குடியேறுகிறவர்களை இங்கே வரத்தன் என்போம், தண்ணீரை வெள்ளம் என்போம். நானே கல்யாணமாகிக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். அது எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

ஒருவழியாக, குறை கேட்க அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். மலையாளமும் பேசுவோம்தான், ஆனால் மைக்கைப் பார்த்தால் எனக்கு இரண்டும் கலந்து குழம்பிவிடும். அதனால் நர்ஸைப் பிடித்தேன்.

"எக்கா, நான் வேண்டாம். வேற ஆளப் பாருங்க" என்றாள்.

"ஒனக்குத்தான் பிள்ள மலையாளம் நல்லா வரும். எழும்பிச் சொல்லு" என்று நானே தோளைத் தள்ளி எழுப்பிவிட்டேன்.

எழுந்தாள். கோடையில் எங்கள் கிணறுகள் படும் பாட்டை, குழாயில் காற்று மட்டும் வரும் நாட்களை, எல்லாவற்றையும் நல்ல மலையாளத்தில் அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னாள். நாங்கள் பேசிப் பேசி வைத்திருந்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். இப்போது தமிழ்.

"சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. ஆனா எனக்க வீடும் அந்த ஃப்ளாட்டிலதான் உண்டு. புக் செய்தாச்சு. வருசா வருசம் வாடக வீடு மாறி, பிள்ளையள இழுத்துட்டு நடக்க இனி வய்யா. நீங்க சொல்லிய வரத்தனுவளில நானும் ஒருத்தியாக்கும்."

எனக்குப் பின்னாலிருந்து ஒருவர், "கூட இருந்தே குழி பறிச்சிட்டாளே" என்று முணுமுணுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் தன் வீட்டுக்கே வினையாகிற பேச்சை எங்களுக்காக அவ்வளவு ஒழுங்காகப் பேசியிருக்கிறாளே என்பது, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் மண்டையில் ஏறியது.

மறுநாள் காலையில் வாளியோடு வந்தவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"எக்கா, வெள்ளம் கோரட்டா?"

அதுவரை அவள் கேட்டதே இல்லை. நேரே வந்து கோரிக்கொண்டு போவாள். "இது என்ன கேள்வி, வந்து எடு பிள்ள" என்றேன். வெட்கமாக இருந்தது.

கட்டிடத்துக்கான அனுமதி இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நானும் கூட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். கட்டவே கூடாது என்று இப்போது சொல்வதில்லை. முதலில் குழாய்த் தண்ணீருக்கு வழி செய்யட்டும், பிறகு கட்டட்டும் என்கிறேன். அதில் எங்கள் ஆட்களுக்கு என்மேல் மனத்தாங்கல். அவளோ இந்த வருடமும் வேறு வாடகை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு நானும் ஒரு காரணம். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதவரை எதிர்ப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று, ஒவ்வொரு கூட்டத்துக்கும் செருப்பை மாட்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.